கோழிக்கு ஆறு கை

ஏப்ரல் 8, செவ்வாய்

கொழுப்பு அதிகம் என்ற காரணத்தால் இன்று திண்டுக்கல் விடுதியிலிருந்து மலைக்கு அனுப்பப்பட்டேன். என் எடை நாற்பத்திரண்டு கிலோ. ஆகவே இது வேறு கொழுப்பு.

நடந்தது இவ்வளவுதான். சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் ‘இன்று: உப்புமா’ என்று எழுதியிருந்தது. ‘உ’வை அழித்துவிட்டு ‘த’ போட்டேன். ‘இன்று: தப்புமா’. கீழே ‘1. ஆம், 2. மிகவும்’ என்று ஒரு வாக்கெடுப்பும் வைத்தேன். நூற்றுப் பதினொரு பேர் கோடு கிழித்து வாக்களித்தார்கள். ப்ளஸ் டூ கோடை வகுப்புக்கு நான் வரவே வேண்டாம், ஜூனில் திருந்தி வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார் விடுதிக் காப்பாளர். கையில் ஒரு கடிதமும் கொடுத்தார்: ‘தங்கள் மகளுக்குக் கொழுப்பு மிக அதிகமாக உள்ளது. கவனிக்கவும்.’

கடிதம் யார் கைக்குப் போகிறது என்று பாவம் அவருக்குத் தெரியாது. என் அம்மா டாக்டர் கோமதி, பனிக்காடு செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் கால்நடை மருத்துவர். முனைவர் பட்டத்துக்காக ஏழு வருடமாக அவள் ஆராய்வது ஒன்றே ஒன்றைத்தான். கொழுப்பு. பால் கறக்கிற செம்மறி ஆட்டின் கொழுப்பு.

வத்தலக்குண்டு வழியாக நாலு வாந்தி தூரம் பயணம் செய்து வந்து கடிதத்தை நீட்டினேன். அம்மா இரண்டு முறை படித்தாள்.

“சதவீதம் போடலையே. எந்தத் திசுவுலன்னும் எழுதல. இதெல்லாம் ஒரு ரிப்போர்ட்டா?”

கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விட்டாள். திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பனிக்காட்டில் பனி உண்டு. காடு உண்டு. சிக்னல் இல்லை. மதுரையில் ரயில்வே வேலை பார்க்கும் அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற வேண்டும். ஏறினாலும் அப்பா ‘ம்’ என்று மட்டும்தான் சொல்வார். அதைக் கீழே இருந்தே கற்பனை செய்துகொள்ளலாம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. அம்மா கோமதி. ‘கோ’ என்றால் மாடு. நான் ஆதிரை. ‘ஆ’ என்றால் பசு. பெயரிலேயே மாடு கட்டியிருக்கிற இருவருக்கும் வாய்த்தது ஆடு.

கொட்டகை வாசல் பலகையில் ‘செம்மறி ஆடு’ என்று எழுதியிருக்கிறது. சாக்பீஸால் நடுவில் ஒரு காற்புள்ளியும் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டேன். ‘செம்மறி, ஆடு!’ இதுவரை எதுவும் ஆடவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அம்மாவின் பெரிய சோதனை இன்று தொடங்கியது. அறுபது நாள். முப்பத்தாறு ஆடுகள், மூன்று குழுக்கள், கழுத்தில் ரிப்பன். வெள்ளை ரிப்பனுக்கு வேண்டிய அளவு தீவனம். பச்சைக்கு வேண்டியதைவிட முப்பது சதவீதம் அதிகம். சிவப்புக்கு முப்பது சதவீதம் குறைவு. ஒவ்வொன்றுக்கும் தனித் தடுப்பு, எண் போட்ட தனி வாளி.

“சிவப்புக்கு மட்டும் என்ன பாவம்?” என்று கேட்டேன்.

“பாவமில்ல, கேள்வி,” என்றாள் அம்மா. “தீவனம் குறையுற கோடைக்காலத்துல ஆடு எப்படிச் சமாளிக்குதுன்னு தெரிஞ்சாதான் அதுக்கு என்ன கொடுக்கலாம்னு சொல்ல முடியும். சாப்பாடு போதாம போனா, உடம்பு சேத்து வெச்ச கொழுப்பைக் கரைச்சுப் பாலுக்கு அனுப்பும். சேமிக்கிற நொதி வேலையைக் குறைச்சுக்கும். அந்த நொதியைச் செய்யச் சொல்ற மரபணு வாயை மூடிக்கும்.”

“மரபணுவுக்கு வாய் இருக்கா?”

“எல்லா மரபணுவும் எல்லா செல்லுலயும் இருக்கு. ஆனா எல்லாம் எப்பவும் பேசாது. எது, எப்போ, எவ்வளவு பேசுதுங்கிறதுதான் வெளிப்பாடு.”

அப்பாவிடம் பேச்சுக்கான மரபணு வாயைத் திறக்கவே இல்லை போலும். எனக்கு வந்தது நிற்கவே இல்லை.

சேமிக்கிற நொதிக்குப் பெயர் லைப்போபுரோட்டீன் லைபேஸ். லை என்றால் பொய். பேஸ் என்றால் முகம். என் அடையாள அட்டையில் ஒட்டவேண்டிய பெயர்.

சும்மா இருந்தால் நான் பலகைகளை எல்லாம் திருத்திவிடுவேன் என்று எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியக்கா தீவனத்தை நிறுத்து எடையைக் கத்துவார். நான் பதிவேட்டில் எழுத வேண்டும்.

“பதினேழு! தொள்ளாயிரத்து இருவது! எழுதிட்டியாத்தா?”

“எழுதிட்டேன்க்கா. ஆட்டுக்குக் காது கிழிஞ்சிருச்சு, அதையும் எழுதவா?”

“ஒனக்குக் கொழுப்புத்தா.”

சதவீதம் இவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, சனி

ஆட்டைப் பார்த்து ‘மே’ என்றேன். பேச்சியக்கா ‘ஏப்ரல்த்தா’ என்றார். ஆள் சாதாரணமானவர் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. பேச்சியக்கா வீட்டிலிருந்து பாயசம் வந்தது. அம்மா மதியம் வருவதாகச் சொன்னாள். மாலை ஐந்தரைக்கு வந்தாள். டிபன் பாக்ஸ் திறக்காமலேயே திரும்பியிருந்தது. பாலில் கொழுப்பு பார்க்கிற இயந்திரம் இன்று மக்கர் செய்ததாம்.

அந்த டிபன் பாக்ஸைக் கழுவி, அதன் கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி வைத்தேன். தேவைக்கு முப்பது சதவீதம் குறைவாகத் தின்கிற எல்லா உயிரும் சிவப்புக் குழுதானே.

அம்மா பார்த்தாள். சிரித்த மாதிரி இருந்தது. ரிப்பனை அவிழ்க்காமலேயே பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒரு சிலேடை கிடைத்தது, எழுதி வைக்கிறேன்: அம்மாவின் அன்பெல்லாம் ஆட்டின்பால். என்பால் வந்தது பவுடர்பால்.

நன்றாக இருக்கிறது. விடுதித் தோழிகளிடம் சொல்ல வேண்டும். வேறு எந்த அர்த்தமும் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

சிவப்புக் குழுவில் ஓர் ஆட்டின் எண் 47. இயற்பியலில் என் மதிப்பெண்ணும் அதுவே. அதனால்தான் கவனித்தேன், மற்றபடி ஒன்றுமில்லை.

இந்த நாற்பத்தேழு மற்ற ஆடுகளைப் போல் இல்லை. தீவனம் தீர்ந்ததும் வாளியைப் பல்லால் கவ்வித் தூக்கி, பேச்சியக்கா பக்கமாகத் தடால் என்று போடுகிறது. யாரும் வரவில்லை என்றால் மறுபடி தூக்கிப் போடுகிறது. பக்கத்துத் தடுப்புப் பச்சை ரிப்பன்காரி மீதம் வைத்துவிட்டு அசைபோடுவதைப் பலகை இடுக்கு வழியாகப் பார்க்கிறது. நான் பதிவேட்டை மூடும்வரை என்னையும் பார்க்கிறது.

செம்மறிக்குப் புத்தி கிடையாது என்பார்கள். பார்வை உண்டு.

ஏப்ரல் 18, வெள்ளி

பேச்சியக்காவின் கோழிகள் கொட்டகைக்குப் பின்னால் திரிகின்றன. அவற்றுக்காக மக்காச்சோளம் ஒரு தகர டின்னில் இருக்கிறது. இரை போடுகிற வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். கோழிகள்பால் எனக்குத் திடீர் அன்பு.

மாலை: கோழிக்கு மூன்று கை.

ஏப்ரல் 19, சனி

கோழிக்குக் காலை மூன்று கை, மாலை மூன்று கை. ஆக ஆறு.

ஏப்ரல் 20, ஞாயிறு

கோழிக்கு ஆறு கை. இந்தக் கோழிக்கு நாக்கு சொரசொரப்பு. உள்ளங்கை கூசுகிறது.

ஏப்ரல் 24, வியாழன்

கோழிக்கு ஆறு கை. தினமும் எழுதிச் சலித்துவிட்டது. இனி ஆறு இல்லாத நாளை மட்டும் எழுதுவேன்.

பேச்சியக்கா டின்னை ஆட்டிப் பார்த்தார்.

“ஏத்தா, சோளம் பாதிக்குக் கீழ போயிருச்சு. ஒரு முட்டையக்கூடக் காணோம். அதுக தின்னுட்டு என்னதான் பண்ணுதுக?”

“வளர்ற வயசுக்கா.”

“அந்தச் சேவலுக்கு நாலு வயசாகுது.”

ஏப்ரல் 27, ஞாயிறு

மழை. கொட்டகைக்குப் போக முடியவில்லை. கோழிக்கு இன்று சுழியம். கோழி வாளியைத் தூக்கிப் போட்ட சத்தம் வீடுவரை கேட்டது.

ஏப்ரல் 30, புதன்

இருபதாம் நாள். ஒவ்வோர் ஆட்டுக்கும் வாலடியில் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு கொழுப்புத் திசு எடுத்தார்கள். அம்மாவின் கை அவ்வளவு வேகம், அவ்வளவு மென்மை. “முடிஞ்சுதுடி கண்ணு, முடிஞ்சுது” என்று ஒவ்வொன்றிடமும் சொன்னாள். முப்பத்தாறு முறை. நான் எண்ணினேன். பதிவேட்டுப் பழக்கம்.

மே 6, செவ்வாய்

விதியை மதியால் வெல்லலாம், கொழுப்பை நொதியால் என்று இன்று ஒரு பழமொழி தயாரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கையில் தாளை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நொதி அளவு முடிவு வந்துவிட்டது. சிவப்புக் குழுவில் பதினொரு ஆடுகளுக்குச் சேமிக்கிற நொதி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, எதிர்பார்த்தது போலவே. ஒன்றுக்கு மட்டும் இறங்கவே இல்லை. வெள்ளை ரிப்பன்காரிகளுக்குச் சமமாக நிற்கிறது. பாலும் குறையவில்லை.

எந்த எண் என்று நான் கேட்கவில்லை.

“நாற்பத்தேழு,” என்றாள் அம்மா. “எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். மறுபடி போடணும்.”

மே 9, வெள்ளி

மூன்று முறை மறுபடி போட்டாள். தராசைச் சோதித்தாள். பேச்சியக்கா அளப்பதை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தாள். எல்லாம் சரி. பதிவேடும் சரி. நான் எழுதிய ஓர் எண்ணிலும் பொய் இல்லை. எழுதாத எண்ணில்தான் இருக்கிறது.

இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

மே 13, செவ்வாய்

அம்மா பாடுகிறாள்! குளியலறையில், சுதி சேராமல், ஒரே வரியை. மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

“பசிக்கு அடங்காத ஒரு மரபணு இருந்தா எப்படி இருக்கும் யோசிச்சுப் பாரு. தீவனம் இல்லாத காலத்துலயும் உடம்பையும் விடாது, பாலையும் விடாது. நாற்பத்தேழுகிட்ட அது இருக்கலாம் ஆதிரை. எனக்கு நம்பவே பயமா இருக்கு.”

“நம்பாதம்மா.”

“ஏன்டி?”

“சும்மா. ஆட்டை நம்பிக் கெட்டவங்க நிறையப் பேரு.”

சிரித்தாள். மோர் புரைக்கேறும்வரை சிரித்தாள். இவள் இப்படிச் சிரிப்பாள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

நேற்றும் வந்தாள். நாளையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மே 20, செவ்வாய்

நாற்பதாம் நாள். இரண்டாவது திசு எடுப்பு.

சரி, எழுதிவிடுகிறேன். கோழி என்று நான் எழுதியதெல்லாம் நாற்பத்தேழு. டைரியிடம்கூடப் பொய் சொன்னேன். லைபேஸ்.

இது குறும்பு என்றுதான் தொடங்கினேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். குறும்பு என்றால் யாராவது கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டும். இதை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றல்லவா வேண்டிக்கொண்டிருக்கிறேன்?

மே 21, புதன்

நிறுத்திவிட்டேன். கோழிக்குச் சுழியம்.

மே 22, வியாழன்

வாளி, தடால். வாளி, தடால். கோழிக்கு ஆறு கை.

மே 27, செவ்வாய்

அம்மாவின் வழிகாட்டி, பெரிய சார், டாக்டர் ஆசீர்வாதம் மலையேறி வந்தார். பல்கலைக்கழகத்தில் பார்த்த மரபணு முடிவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மற்ற பதினொன்றிலும் அந்த மரபணு முணுமுணுக்கிறது. நாற்பத்தேழில் மேடையில் ஏறிப் பேசுகிறது.

“கோமதி, இது பெரிய விஷயம்மா! ஜூலையில பெங்களூரு மாநாட்டுக்கு நீயே போய்ப் பேசு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சுருக்கத்தை அனுப்பிரு. அப்புறம் அந்த ஆட்டைக் கீழ கொண்டுபோய் அதோட குட்டிகளையும் பாத்திருவோம்.”

கொட்டகைக்கு வந்தார்கள். நாற்பத்தேழு என்னைப் பார்த்ததும் பலகையில் முன்னங்காலைத் தூக்கி வைத்து, என் சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்தது.

“பாப்பாகிட்ட ஒட்டுதல் போல,” என்றார் சார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காத. தீவனத்துல கோளாறு இருக்க வழியுண்டா?”

“பேச்சியக்கா கையே தராசு சார். நானும் நின்னு பாத்துட்டேன்.”

“பதிவு யார் எழுதுறது?”

“என் பொண்ணு.”

“விடுதிலேர்ந்து அனுப்பிட்டாங்கன்னு சொன்னியே, அந்தப் பொண்ணா?”

“அவ குறும்பு பண்ணுவா சார். எண்ணுல விளையாட மாட்டா. அவளுக்கு நான் பொறுப்பு.”

நாற்பத்தேழு என் பையின் தையலையே பிய்த்துவிட்டது. உள்ளே இருந்த ஒரே ஒரு சோளம் தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. காலால் மூடிக்கொண்டேன்.

மே 28, புதன்

காலை பதினொரு மணி. அம்மா பரிசோதனைக் கூடத்தில் மாநாட்டுக்கான சுருக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தலைப்பு மட்டும் மூன்று வரி. டிபன் பாக்ஸ் பக்கத்தில் இருந்தது, சிவப்பு ரிப்பன் அப்படியே.

வழியெல்லாம் ஒரு சிலேடை தேடிக்கொண்டு போனேன். சிரிக்கவைத்துச் சொன்னால் பாதி தப்பித்துவிடலாம், எப்போதும் அப்படித்தான். ஒன்றுகூட வரவில்லை.

“அம்மா, பேச்சியக்கா கோழிக்கு நான் போடுற சோளம் இருக்குல்ல...”

“ம்.”

“கோழிக்குப் போகல.”

தட்டச்சு நின்றது.

“நாற்பத்தேழுக்குப் போச்சு. நான்தான் போட்டேன். போன மாசம் பதினெட்டாம் தேதிலேர்ந்து.”

அம்மா திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“எத்தனை கிராம்?”

அடியை எதிர்பார்த்தேன். அழுகையை எதிர்பார்த்தேன். கிராமை எதிர்பார்க்கவில்லை.

“கிராம் தெரியாதும்மா. ஒரு நாளைக்கு ஆறு கை.”

“கைங்கிறது அலகு இல்ல.”

எழுந்து போனாள். தகர டின்னோடு வந்தாள். தராசில் ஒரு தட்டை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாள்.

“எடு. எப்படி எடுப்பியோ அப்படியே எடு.”

ஒரு கை அள்ளித் தட்டில் போட்டேன். அறுபத்தொன்று. கொட்டிவிட்டு, “மறுபடி,” என்றாள். அறுபத்தாறு. மறுபடி. அறுபத்து மூன்று. பத்து முறை. ஏழாவது ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. “அதைக் கணக்குல சேக்காத, பயத்துல எடுத்தது,” என்றேன். “எல்லாம் சேரும்,” என்றாள். சராசரி அறுபத்து நான்கு.

“ஆறு கை, முந்நூத்தி எம்பத்தி நாலு கிராம். இது சிவப்பே இல்ல. வெள்ளையையும் தொட்டாச்சு.” பேனாவை வைத்தாள். “என் நொதி ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு.”

விரித்தபடி இருந்த என் உள்ளங்கையில் இரண்டு சோளம் ஒட்டியிருந்தன. அவற்றைத் தட்டிவிட்டவள், தன் கையை என் கைமேல் வைத்துப் பார்த்தாள். என் விரல்கள் அரை அங்குலம் வெளியே நீண்டிருந்தன.

“உன் கை எப்போ என் கையை விடப் பெருசாச்சு?”

“தெரியலம்மா.”

“இதையும் யாரும் எழுதி வெக்கல,” என்றாள்.

தட்டிலிருந்த சோளத்தை டின்னில் கொட்டிவிட்டுக் கேட்டாள்: “ஏன் போட்ட?”

“பசிச்சுது.”

“அதுக்கா?”

“ம்,” என்றேன். அப்பாவின் மரபணு வாழ்க.

மூன்று வரித் தலைப்பை எழுத்தெழுத்தாக அழித்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினாள். நான் கீழே நின்றேன். “இல்ல சார்... என் வீட்டுத் தப்புதான் சார்... நாற்பத்தேழை எடுத்துட்டா பதினொண்ணு இருக்கு சார், ஆராய்ச்சி தாங்கும்... மாநாடு வேண்டாம் சார்.” பெரிய சாரின் குரல் கீழேவரை கேட்டது: “நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனே கோமதி!”

இறங்கும்போது ஒரு படி தடுமாறினாள். பிடித்துக்கொண்டேன். விலக்கவில்லை.

மே 29, வியாழன்

பேச்சியக்காவிடமும் சொன்னேன்.

“அடிப்பாவி! முட்டை போடலன்னு அதுகள வாய்க்கு வந்தபடி ஏசிப்புட்டேனே! போ, போயி அதுககிட்ட மன்னிப்புக் கேளு.”

விளையாட்டு என்று நினைத்தேன். இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். ஐந்து கோழி, ஒரு சேவல், தனித்தனியாகக் கேட்டேன். சேவல் ஏற்றுக்கொள்ளவில்லை.

மதியம் அம்மா சாப்பிட வரவில்லை.

மே 30, வெள்ளி

இது தனித்தாளில் எழுதுகிறேன். பிறகு ஒட்டிக்கொள்வேன். ஏனென்றால் டைரி என்னிடம் இல்லை.

காலையில் அம்மா கேட்டாள்: “எந்த நாள் எத்தனை கை, விட்ட நாள் எது, ஞாபகம் இருக்கா? நாற்பத்தேழை நீக்கிட்டேன்னு ஆய்வுல எழுதணும். ஏன், எவ்வளவுன்னும் எழுதணும்.”

“டைரில இருக்கு. கோழின்னு எழுதியிருக்கேன்.”

“கொடு.”

“எண்ணை மட்டும் பாத்து எழுதித் தரேனே.”

“மூலப் பதிவுதான் வேணும். நகல் செல்லாது.”

அதில் பவுடர்பால் இருக்கிறது. அது இருக்கிற பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் கை போனது. ஏற்கெனவே ஒன்றை மறைத்து ஒரு மாநாடு போயிற்று. கிழிக்கவில்லை. முழுதாகக் கொடுத்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

டைரி திரும்ப வந்தது. பக்கமெல்லாம் பென்சில். நான் உப்புமாவுக்கு வாக்கெடுப்பு நடத்திய இடத்தில்: ‘111 பேர் சரி. விடுதியில் மொத்தம் எத்தனை பேர்? சதவீதம்?’ ஏப்ரல் 18-இல்: ‘64 × 3 = 192 கி.’ மழை நாளில்: ‘0. நன்று, தெளிவான பதிவு.’ ‘செம்மறிக்குப் புத்தி கிடையாது’ என்ற இடத்தில்: ‘ஆதாரம்?’ ‘எழுதாத எண்ணில்தான்’ என்ற வரியின் கீழ் ஓர் அடிக்கோடு, குறிப்பு எதுவும் இல்லை.

ஏப்ரல் 14-க்கு மெதுவாகத்தான் வந்தேன். ஆட்டின்பால், என்பால், பவுடர்பால். ஓரத்தில் அதே சின்னக் கையெழுத்தில், அதே பென்சிலில் இரண்டே சொல்:

‘எத்தனை நாளாக?’

ஜூன் 2, திங்கள்

சிலேடை இல்லாமல் பதில் எழுதினேன். ‘ஆறாம் வகுப்பில் விடுதியில் சேர்த்ததிலிருந்து. விடுமுறை நாள்கள் நீங்கலாக. சில விடுமுறை நாள்கள் நீங்காமல்.’

டைரியை அவள் மேசைமேல், தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

நாற்பத்தேழுக்கு ரிப்பன் கழற்றியாயிற்று. எந்தக் குழுவும் இல்லை, முழுத் தீவனம். வாளியைத் தூக்கிப் போடுவதை மட்டும் விடவில்லை. அது பசி இல்லை, குணம்.

ஜூன் 3, செவ்வாய்

டைரி என் தலையணைமேல் இருந்தது. பதிலுக்குக் கீழே:

‘பதிவு செய்யப்பட்டது. விளக்கம் ஏதும் என்னிடம் இல்லை. தீவனம் நாளை மதியம் ஒரு மணி முதல் மாற்றப்படுகிறது. — கோ.’

ஜூன் 4, புதன்

ஒரு மணிக்கு, ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லாமல் ஒரு மணிக்கு, அம்மா கொட்டகைப் பின்பக்கம் வந்தாள். கையில் இரண்டு டிபன் பாக்ஸ். அவளுடையதில் சிவப்பு ரிப்பனைக் காணோம், வெள்ளை. என்னுடையதில் பச்சை. கோழிக்கு இரை போடும் இடத்தில் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்தோம். கோழிகள் எங்களைச் சுற்றிக்கொண்டன.

“ரிப்பனெல்லாம் திருட்டுதானே? ஆராய்ச்சிப் பொருள்,” என்றேன்.

“எழுதி வெச்சுட்டுத்தான் எடுத்தேன்.”

“மாநாடு?”

“அடுத்த வருசமும் நடத்துவாங்க. பசிக்கு அடங்காத ஆடு ஒண்ணு கிடைச்சா போவேன்.” என்னைப் பார்த்தாள். “கிடைக்காதுன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. எல்லாம் அடங்கித்தான் போகுது.”

பச்சை ரிப்பனை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். விளிம்புவரை, தேவைக்கு முப்பது சதவீதம் அதிகமாக, உப்புமா.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்: “தப்புமா?”

இந்த மரபணு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

தடுப்புக்குள்ளிருந்து வாளி தடால் என்றது. தலையை நீட்டி, என் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது அது.

முழுக்கத் தின்றேன். கோழிக்குக்கூட ஒரு கை கொடுக்கவில்லை.